பெயர் பொறிக்காத கல்லறையும் ஒரு தகரப் பெட்டியும்

எங்கள் பக்கத்துக் கோயில்களில் மின்விசிறியின் இறக்கையில்கூட ஒருவர் பெயர் இருக்கும். 'உபயம்' என்று போட்டு, கீழே பெயர், அதற்கும் கீழே ஊர். விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் படிக்க முடியும். பெஞ்சின் முதுகில் ஒரு பெயர், மாதா கெபியின் கம்பிக் கதவில் ஒரு பெயர். நம் இயக்கங்களும் இதில் சளைத்தவை அல்ல. நினைவேந்தல் கூட்டத்து ஃபிளெக்ஸில், இறந்தவரின் படத்தைவிட ஃபிளெக்ஸ் வைத்தவர்களின் படங்கள் பெரிதாக இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. தன் பெயர் நிற்க வேண்டும் என்று மனிதர் ஆசைப்படுவதில் தப்பில்லை. அதிலும், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் சாதி சொல்லியே கூப்பிடப்பட்ட மக்கள் தங்கள் பெயரை ஓரிடத்தில் எழுதிப் பார்க்க ஆசைப்படுவது நியாயமானது. ஆனால் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ள முடியாதவர்கள் எதை விட்டுச்செல்கிறார்கள்? போராட்டத்துக்கு வரும் இளைஞர்கள் பலர் என்னிடம் வேறு விதமாக இதையே கேட்கிறார்கள்: "இவ்வளவு வருஷம் மனு கொடுத்தோமே, தோத்துத்தானே போனோம், என்ன மிஞ்சிச்சு?" ஒரு கிறித்தவனாக, ஒரு தலித்தாக, எனக்குக் கிடைத்த விடையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

தளியைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஓசூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். குளிர்ச்சியான இடம் என்பதால் 'குட்டி இங்கிலாந்து' என்பார்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், ஆனேக்கல் பக்கம் வேலைக்குப் போனால் கன்னடம் என்று மூன்று மொழியில் பிழைக்கிறோம். மானாவாரியில் ராகியும் அவரையும். அறுப்புக்கு முன்னால் ஜவளகிரி காட்டுப் பக்கமிருந்து யானைகள் இறங்கும். ராகி முற்றிவிட்டால் இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். இப்போது அந்த ராகிக் காடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பசுமைக்குடில்கள். பிப்ரவரி வந்தால் இங்கிருந்து ரோஜா விமானம் ஏறிப் போகிறது. கொய்மலருக்கு இஸ்ரேல் தொழில்நுட்பத்தோடு அரசு மகத்துவ மையம் அமைத்ததும் தளியில்தான். மறுபக்கம் ஓசூர் சிப்காட். 1980களில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. ஆலைகள் இன்றும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பெங்களூரு ஒரு பக்கத்திலிருந்தும் ஓசூர் இன்னொரு பக்கத்திலிருந்தும் எங்கள் நிலத்தை நோக்கி நடந்து வருகின்றன.

இந்த நிலத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என் தாத்தாவிடம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. வீட்டில் அதை 'டி.சி. நிலம்' என்றோ 'கண்டிஷன் பட்டா' என்றோதான் சொல்வார்கள். அது பஞ்சமி நிலம் என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தாத்தாவுக்கு இரண்டு பெயர்கள். பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் ஒன்று. பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் இன்னொன்று. இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ தலித் கிறித்தவக் குடும்பங்களின் கதை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை திருத்தவில்லை. மாநிலப் பட்டியலில் நாம் பிற்படுத்தப்பட்டோர். அதனால் தனித்தொகுதி இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. கோயிலுக்குள் போனாலும் சாதி நம்மை விடவில்லை என்பதற்குத் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைத் தனியே பிரிக்க எழுப்பிய சுவரே போதும். செத்த பிறகும் நாம் பறையர், பள்ளர், அருந்ததியர்தான். அரசு கேட்கும்போது மட்டும் கிறித்தவர்.

அதனால்தான் என் தாத்தாவின் கல்லறையில் பெயர் இல்லை. முதலில் கல்லுக்குப் பணம் இல்லை. பணம் வந்தபோது பயம் வந்தது. கல்லில் எந்தப் பெயரை வெட்டுவது? திருமுழுக்குப் பெயரை வெட்டினால், சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு வருகிறவர் அதைப் பார்த்துச் சொந்தக்காரப் பிள்ளைகளின் சான்றிதழில் கை வைப்பார். பட்டாப் பெயரை வெட்டினால், சிலுவைக்குக் கீழே அது எப்படி நிற்கும்? என் சான்றிதழ் பி.சி. என்பதால் இதை நான் வெளிப்படையாக எழுத முடிகிறது. எழுத முடியாத குடும்பங்கள் நிறைய. 2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று எல்லாரும் பெயர் எழுதிய கல்லைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நாங்கள் மண்மேட்டைச் செதுக்கி, நாலு பக்கமும் கல் அடுக்கி, பூப் போடுவோம். பசுமைக்குடிலில் தரம் குறைந்தது என்று கழித்துவிட்ட ரோஜாவைத்தான் பெரும்பாலும் போடுவோம். காம்பு குட்டையான பூவுக்கு ஏற்றுமதியில் இடமில்லை.

கல்லில் பெயர் இல்லாத அந்த மனிதர் விட்டுச்சென்றது ஒரு தகரப் பெட்டி. அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், அவர் சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

நிலத்துக்கு விலை ஏறத் தொடங்கிய காலத்தில் ஒரு தரகர் அடிக்கடி வருவார். பேச்சு தெலுங்கில்தான் நடக்கும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"இந்தக் காட்டுல என்ன விளையுது உனக்கு? பாதி யானைக்கு, பாதி உனக்கு. ஓசூர்ல ரெண்டு வீடு வாங்கற காசு தர்றேன்."

"வேணாஞ் சாமி."

"விக்க வேணாம்ப்பா. சட்டம் எனக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்குக் குத்தகைன்னு எழுது. இல்லே, பவர் எழுதிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"மாட்டேஞ் சாமி."

"ஏன்? பட்டா உன் பேர்லதானே இருக்குது?"

"பேருதான் என்னுது. நெலம் எங்கப்பனுது. நான் காவலுக்கு இருக்கறேன்."

தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பதிலை அவர் சும்மா சொல்லவில்லை. அவர் சின்ன வயதில் உபதேசியார் ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சொல்லிக்கொடுத்த கதைகளில் ஒன்று நாபோத்துடையது. "நாபோத்து மாட்டேன்னு சொன்னான்ல" என்று அத்தையிடம் அடிக்கடி சொல்வாராம்.

விவிலியத்தில் முதல் அரசர்கள் நூல் 21-ஆம் அதிகாரம். மதம் பிடிக்காத தோழர்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு நில அபகரிப்பு வழக்கின் கோப்பு மாதிரியே இருக்கும். அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரசன் ஆகாபுக்கு அது காய்கறித் தோட்டம் போட வேண்டும். அவன் முதலில் பிடுங்கவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்கிறான். பார்த்தால் நியாயமான பேரம். நாபோத்து மறுக்கிறான். மூதாதையரின் உரிமைச்சொத்தைக் கொடுப்பது கடவுளுக்கு அடுக்காது என்பது அவன் பதில். விலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து என்ன நடக்கிறது? அரசி ஈசபேல் அரசன் பெயரில் கடிதம் எழுதி, அரச முத்திரை குத்தி, நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். ஊரில் நோன்பு அறிவிக்கிறார்கள். நாபோத்தை மரியாதையாக முன்னால் உட்கார வைக்கிறார்கள். இரண்டு பொய்ச் சாட்சிகள் எழுந்து, இவன் கடவுளையும் அரசனையும் பழித்தான் என்கிறார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லால் எறிந்து கொல்கிறார்கள். ஆகாபு தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் புறப்படுகிறான்.

முத்திரை குத்திய காகிதம், ஒத்துழைத்த ஊர்ப் பெரியவர்கள், பக்திப் போர்வை, பொய் வழக்கு. எத்தனை ஆயிரம் வருடமானாலும் செய்முறை மாறவில்லை.

மறையுரைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இந்தக் கதையில் உண்டு. இரண்டாம் அரசர்கள் நூல் 9-ஆம் அதிகாரத்தில், நாபோத்தின் இரத்தத்தோடு அவன் பிள்ளைகளின் இரத்தமும் பேசப்படுகிறது. வாரிசுகளையும் கொன்றிருக்கிறார்கள். அதனால்தான் தோட்டம் கேட்பாரற்றுப் போனது. கண்ணுக்குத் தெரிகிற கணக்கில் நாபோத்து எதையுமே விட்டுச்செல்லவில்லை. நிலம் போச்சு, பிள்ளைகள் போனார்கள், கல்லறை இருந்ததாகவும் தகவல் இல்லை. மிஞ்சியது அந்த மறுப்பு மட்டும்தான். ஆனால் அது எழுதி வைக்கப்பட்டது. தோட்டத்துக்குள் கால் வைத்த அரசனை எலியா வந்து மறித்தபோது, கொலையையும் அபகரிப்பையும் சேர்த்தே கேட்டார். கடவுள் அங்கே ஆகாபிடம் பூசை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கவில்லை. நிலத்தைப் பற்றிக் கேட்டார். என் விசுவாசம் இந்த இடத்தில்தான் வேர் பிடித்திருக்கிறது.

நாபோத்தின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது, நிலம் கடவுளுடையது என்கிறது லேவியர் நூல் 25-ஆம் அதிகாரம். ஏழையாகிப் போனவன் விற்ற நிலமும் ஐம்பதாம் ஆண்டில் அவன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். விற்க முடியாத நிலம்தான் ஏழைக்குக் காவல் என்று அந்தப் பழைய சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

நம் மண்ணிலும் அப்படி ஒரு சட்டம் வந்தது. செங்கல்பட்டில் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் எழுதிய அறிக்கையும், ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளின் நெருக்குதலும் சேர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை ஆனது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம். அந்த நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் செல்லாது, அரசு திரும்ப எடுத்து நம் மக்களுக்கே கொடுக்கலாம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு இப்படி வழங்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்கின்றன. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊரிலேயே விசாரித்தால் தெரியும். அடமானம், பவர், பினாமி, அடித்துப் பிடுங்கியது என்று போனது ஒரு வழி. 1980களில் நடந்த யு.டி.ஆர். நில அளவைப் பதிவில், நிபந்தனை நிலம் என்ற குறிப்பையே பல ஊர்க் கணக்குகளில் காணாமல் அடித்தார்கள் என்பது நம் இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. குறிப்பு போனால் நிபந்தனை போனது. நிபந்தனை போனால் நிலம் போனது.

அந்தக் குறிப்பை மீட்கப் போய் உயிர் விட்டவர்கள் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம். நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையைக் காவல்துறை அகற்றியது. அதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். ஒருவர் பெயர் விவிலியத்திலிருந்து வந்தது, இன்னொருவர் பெயர் திருப்பதியிலிருந்து வந்தது. துப்பாக்கி இருவரிடமும் மூன்றாம் பத்தியைக் கேட்கவில்லை. பஞ்சமி நிலம் என்ற சொல் இன்று கல்லூரி மாணவருக்கும் தெரிகிறதென்றால், ஒவ்வோர் அக்டோபர் 10-இலும் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லி வந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

தோற்ற வழக்கும் சொத்துதான் என்பதற்கு இன்னொருவரைச் சொல்கிறேன். சூசை என்பவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறித்தவர். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கு அரசுத் திட்டத்தில் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். சூசைக்கு இல்லை. அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று தோற்றார். நீதிமன்றம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: கிறித்தவத்துக்கு மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை. கொடுமை இல்லை என்று சொல்லவில்லை. காகிதம் போதவில்லை என்றது. பெட்டிக்கடை கிடைக்காத அந்தத் தொழிலாளி, பின்னால் வந்த அத்தனை பேருக்கும் ஒரு வேலையை விட்டுச்சென்றார். ஆதாரம் சேர்க்கும் வேலை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்ததும், 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைந்ததும், 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் அந்த வேலையின் தொடர்ச்சியே. இன்றைக்கும் இந்தப் பொருளில் யார் வாதாடினாலும் சூசை வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

ஸ்டான் சுவாமி தலித் அல்ல. ஆனால் நமக்குச் சொந்தக்காரர். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்து ஜார்கண்டின் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு. 2020 அக்டோபர் 8 அன்று கைதாகி, ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் இறந்தார். நடுங்கும் கையால் தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளை கேட்டதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பே அவர் செய்த ஒன்றை மறந்துவிடுகிறோம். நக்சல் என்று முத்திரை குத்தி விசாரணைக் கைதிகளாகவே வருடக்கணக்கில் சிறையில் அடைத்து வைத்த ஆதிவாசி இளைஞர்களின் விவரங்களைத் திரட்டி, ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். யாருடைய பெயரும் தெரியாமல் போகக் கூடாது என்று ஒருவர் எடுத்த பட்டியல் அது. சிலை வைக்காமலே அவர் நிற்பார்.

இப்போது தகரப் பெட்டிக்கு வருகிறேன். தாத்தா இறந்த பிறகு அதைத் திறந்தோம். பழைய பட்டா. 'டி.சி.' என்ற குறிப்போடு இருந்த அடங்கல் நகல் ஒன்று, மடிப்பில் கிழிந்து. கிஸ்தி ரசீதுகள், வருடம் தவறாமல், சணல் கயிற்றால் கட்டியவை. திருமுழுக்குச் சான்று. வேலியை யாரோ தள்ளிப் போட்டபோது ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள். ஒவ்வொன்றோடும் பதிவுத் தபால் ரசீதும், திரும்பி வந்த ஒப்புதல் அட்டையும். எழுதியது அத்தை. தாத்தா சொல்லச் சொல்ல, கன்னியர் நடத்திய இரவு வகுப்பில் படித்த தமிழில் எழுதியிருந்தார். ஒவ்வொரு மனுவின் கடைசியிலும் தாத்தாவின் பெருவிரல் ரேகை. அந்த மனுக்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை.

"பதிலே வராததுக்கு ஏன் அத்தே இதையெல்லாம் கட்டி வச்சீங்க?" என்று கேட்டேன்.

"பதில் வர்லேன்றதுக்கும் அத்தாட்சி வேணும் கண்ணு" என்றார்.

அந்தக் கட்டால் என்ன பயன் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் பகுதி 1965 வரை சேலம் மாவட்டம். பிறகு தருமபுரி. 2004 பிப்ரவரியிலிருந்து கிருஷ்ணகிரி. பழைய பதிவேடு ஒன்றைத் தேட அத்தை மூன்று ஊர் படியேற வேண்டியிருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர், அந்த நிலம் தரிசாகக் கிடந்தது, நான்தான் ஆண்டு வந்தேன் என்று கிளம்பியபோது, கிஸ்தி ரசீதுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தோம். அடங்கல் நகலில் இருந்த இரண்டு எழுத்தைக் காட்டினோம். விசாரணை அத்தோடு நின்றது. நிலம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் ராகி விளைகிறது. யானைக்குப் பாதி போகிறது.

ஆனால் பெட்டியைக் காத்த அத்தையின் பெயர் பட்டாவில் இல்லை. தாத்தா உயில் எழுதவில்லை. பாட்டி முன்பே போய்விட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பார்த்தாலும், கிறித்தவருக்கான 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பார்த்தாலும் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. இருந்தும் எங்கள் சித்தப்பாமார் பேச்சை மாற்றினார்கள். அதற்கும் விவிலியத்தில் வழக்கு இருக்கிறது. எண்ணிக்கை நூல் 27-ஆம் அதிகாரத்தில், செலோபுகாதின் மகள்கள் ஐந்து பேர் மோசேயின் முன்னும் குருவின் முன்னும் மக்கள் அனைவர் முன்னும் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தந்தையின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். கடவுள் அவர்கள் கேட்பது சரி என்றார். ஐந்து பேரின் பெயரும் அங்கே எழுதியிருக்கிறது: மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா. இதைக் குடும்ப செபத்தில் சத்தமாக வாசித்தேன். யாரும் பேசவில்லை. இந்த வருடம் கூட்டுப் பட்டாவுக்கு அத்தையின் பெயரையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். சித்தப்பாமாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கிறித்தவர்களிடம் ஒரு வார்த்தை. 'மேலான வீட்டில் நமக்குச் சொத்து இருக்கிறது, இந்த மண் எதற்கு' என்று சில மறையுரைகள் நமக்குச் சொல்கின்றன. அதைச் சொல்கிறவர்களின் கால்கள் பெரும்பாலும் பட்டா உள்ள நிலத்தில்தான் நிற்கின்றன. இயேசுவைப் பாருங்கள். சாகும்போது அவரிடம் இருந்தது உடுத்திய துணி. அதையும் படைவீரர்கள் பங்கு போட்டு, தைக்காத அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். அடக்கியது வேறொருவருடைய கல்லறையில். ஆனாலும் போவதற்கு முன் தாயைச் சீடர் ஒருவரின் பொறுப்பில் விட்டார். அப்பத்தைப் பிட்டு, தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னார். செத்த பிறகும் மற்றவர்கள் கூடிச் செய்யும்படியான ஒரு வேலையை விட்டுப் போனார். கல் தேவைப்படவில்லை. கடைசியில் அந்தக் கல்லறையில் ஆளும் இல்லை என்பதுதானே நம் விசுவாசம்.

மாணவத் தோழர்களே, உங்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இருக்கிற காகிதத்தையெல்லாம் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். யு.டி.ஆருக்கு முன் என்ன குறிப்பு இருந்தது, பின் என்ன இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பெரியவர்கள் யாருக்கு, எப்போது, என்ன மறுப்புச் சொன்னார்கள் என்று கேட்டு, தேதியோடு எழுதுங்கள். அவர்களுடைய இரண்டு பெயர்களையும் கேளுங்கள். எழுதலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுத வேண்டாம் என்றால் மனதில் வையுங்கள். மனு கொடுத்தால் நகலும் ஒப்புதலும் இல்லாமல் திரும்பாதீர்கள். தோற்றுப்போன மனுவையும் கிழிக்காதீர்கள். அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே அக்கா தங்கையின் பங்கைப் பற்றிப் பேசுங்கள்.

இதெல்லாம் புரட்சியா என்று நீங்கள் கேட்கலாம். நாபோத்தின் மறுப்பை எவரோ எழுதி வைத்திராவிட்டால் நமக்கு நாபோத்தே இல்லை. ஆகாபின் காய்கறித் தோட்டம் மட்டும்தான் இருந்திருக்கும்.

நம் பெயர் நிற்குமா நிற்காதா என்பது நம் கையில் இல்லை. விற்காமல் வைத்திருந்ததையும், மாட்டேன் என்று சொன்னதையும், அதைச் சொன்னதற்கான அத்தாட்சியையும் அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்துவிட்டுப் போவது நம் கையில் இருக்கிறது. நாபோத்துக்கு இரத்த வாரிசு ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தக் காலியிடம் நமக்கு.

ஜெய்பீம்.